பழைய அல்பைன் ரேஸ் ஸ்னோபோர்ட் ஒண்டு கிடக்கு, விக்கிறதெண்டால் என்ன மாதிரி?

கெலர்சாமான்:

வணக்கம். லூசேர்ன் பக்கம் இருக்கிறன். எங்கட வீட்டு ஓனர் வயசான சுவிஸ்காரர், வீட்டை மகனிட்டக் குடுத்திட்டு டெசின் பக்கம் போய் இருக்கப் போறார், கெலர், அதான் வீட்டுக்குக் கீழ இருக்கிற சாமான் அறை, ஒதுக்கேக்க நானும் கூட நிண்டு தூக்கிப் பறிச்சுக் குடுத்தனான், அப்ப ஒரு ஸ்னோபோர்டையும் அதுக்குப் போடுற சப்பாத்தையும் தந்து, வச்சிருக்கிறதெண்டால் வச்சிரு இல்லாட்டி வித்துப்போடு, என்ர முழங்காலுக்கு இனிச் சரிவராது எண்டிட்டார். எனக்கு உதுகளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, மகளை ஸ்கீலாகருக்கு (பனிச்சறுக்கு முகாம்) அனுப்பினதோட சரி.

போர்ட் இப்ப பெடியள் கொண்டு திரியிற மாதிரி இல்லை. ஒடுக்கம், நீளம். அளந்தன், 163 சென்டிமீட்டர், நடு அகலம் 20 சொச்சம். முன்பக்கம் மட்டும்தான் மேல வளைஞ்சிருக்கு, வால் நேரா இல்லாமல் சரிவா வெட்டுப்பட்டிருக்கு. மேல நிடெக்கர் எண்டு தெரியுது, மாடல் பேர் இருந்த இடத்தில ஸ்டிக்கருக்கு மேல ஸ்டிக்கர். கால் வைக்கிற இடத்தில பெல்ட் ஒண்டும் இல்லை, ரெண்டு தட்டு, அதில முன்னுக்கும் பின்னுக்கும் கம்பி வளையம். சப்பாத்து கெட்டிப் பிளாஸ்டிக். இரும்பு விளிம்பில அங்கங்க கறள். எனக்குப் பெரிய யோசனை என்னெண்டால் ரெண்டு பக்க வளைவும் ஒரே இடத்தில இல்லை, ஒரு பக்கத்து வளைவு பின்னுக்குத் தள்ளிக் கிடக்கு. கெலரில சாத்தி வச்சதில முறுகிப் போச்சோ தெரியேல்லை.

ரெண்டு படம் போட்டு விளம்பரம் ஒண்டு போட்டன். ஒராள் 40 பிராங்க் தாறன், இண்டைக்கே வந்து எடுக்கிறன் எண்டுறார். இன்னொராள் பாக்காமலே 400 தாறன், கூரியர் ஆக்கள் வீட்ட வந்து எடுப்பினம், காசு லிங்கில வரும் எண்டு எழுதுறார். என்ன விலை நியாயம்? துப்பரவாக்கி ஸ்டிக்கரை எல்லாம் உரிச்சுப்போட்டு விக்கிறதோ, அப்பிடியே விக்கிறதோ? சப்பாத்தையும் சேத்துக் குடுக்கிறதோ?


கூர்_பெடியன்:

அண்ணை, 400காரருக்கு ஒண்டும் எழுதாதேங்கோ, 40காரரையும் ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கோ. ஸ்டிக்கரில கை வைக்கவே வேண்டாம்.

போர்ட் முறுகேல்லை. செய்யேக்கையே அப்பிடித்தான் செய்தது. அசிமெட்ரிக், நாங்கள் அசிம் எண்டு சொல்லுவம். ஸ்னோபோர்டில ஆள் பக்கவாட்டில நிக்கிறது தெரியும்தானே, ஆனா ரேஸ் ஓடுறவை முழுக்கப் பக்கவாட்டில நிக்க மாட்டினம், ரெண்டு பாதத்தையும் சரிச்சு முன்னுக்குப் பாக்க வைப்பினம். அப்பிடி வச்சால் கால் விரல் முன்னுக்குப் போயிடும், குதிக்கால் பின்னுக்கு நிண்டிடும். விரல் பக்க விளிம்பில திரும்பேக்க பாரம் விழுற இடம் ஒண்டு, குதிக்கால் பக்கத்தில திரும்பேக்க விழுற இடம் வேற. அதுக்காக குதிக்கால் பக்கத்து வளைவைப் பின்னுக்குத் தள்ளி வெட்டினவை. அதோட சேந்து வாலும் சரிவா வரும். 80களின்ர கடைசியில தொடங்கி 90களின்ர நடுப்பகுதி வரைக்கும்தான் இது ஓடினது. பேந்து போர்டை இன்னும் ஒடுக்கமாக்கி, பாதத்தை 55, 60 டிகிரிக்குத் திருப்பிப்போட்டு ஓடத் தொடங்கினதோட விரலும் குதிக்காலும் கிட்டத்தட்ட ஒரே நேருக்கு வந்திட்டுது, அசிமுக்குத் தேவை இல்லாமல் போச்சு. அதனால உங்கட போர்ட் 30 வருசத்துக்கு மேல பழசு எண்டு தைரியமாச் சொல்லலாம்.

இதில விக்கிற ஆளுக்கு முக்கியமான விசயம் ஒண்டு இருக்கு. அசிம் போர்டை எல்லாரும் ஓடேலாது. இடது கால் முன்னுக்கு வச்சு ஓடுறவைக்கு ரெகுலர், வலது கால் முன்னுக்கு வைக்கிறவைக்கு கூஃபி. ரெகுலருக்குச் செய்ததை கூஃபிக்காரர் ஏறி ஓடினால் ரெண்டு வளைவும் தலைகீழா வேலை செய்யும். வால் பக்கம் நிண்டு மூக்கை, அதான் வளைஞ்ச முன் நுனியை, பாத்தபடி பாருங்கோ, இடப்பக்க வளைவு பின்னுக்கு இருந்தால் ரெகுலர், வலப்பக்கம் பின்னுக்கு இருந்தால் கூஃபி. விளம்பரத்தில இதை முதல் வரியில போடோணும், இல்லாட்டி வாங்கி வீட்ட கொண்டு போனவன் பிறகு உங்களோட சண்டைக்கு வருவான், அவனில பிழையும் இல்லை.

விலைக்கு வாறன். இப்ப ரேஸ் ஓடுற பெடியள் இதைத் திரும்பியும் பாக்க மாட்டாங்கள். அவங்கள் கனபேர் ஓடுறது இதை விட நீளம், உள்ளுக்கு டைட்டனால் எண்ட அலுமினியக் கலவைத் தகடு வச்சது, கிளாருஸில பிரவுன்வால்டில கெஸ்லர் செய்யிற மாதிரிச் சாமான். உங்கட போர்டின்ர ஆக்கள் வேற. 90இல பதினெட்டு இருபது வயசில இதைக் கடைக் கண்ணாடிக்குள்ளால பாத்து, வாங்கக் காசில்லாமல் திரிஞ்சவை, இப்ப அம்பதைத் தாண்டி, வீட்டில ஒரு அறை நிறையப் பழைய போர்ட் சேத்து வச்சிருக்கினம். அவைக்கு வேண்டியது பழசு பழசாவே இருக்கிறது. கீறலும் வேணும், ஸ்டிக்கரும் வேணும். சுவிஸில இந்தக் கூட்டம் கொஞ்சம் கூட, ஏனெண்டால் இந்த விளையாட்டில இஞ்சத்த ஆக்கள் பெரிசா வெண்டவை, பிலிப் சோக் 2002லயும் 2006லயும் ரெண்டு தரம் ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர், 2006இல வெள்ளி அவற்ற கூடப்பிறந்த சைமனுக்கு. கூடவே நிடெக்கர் ரோல்லே ஊர்க் கொம்பனி, உள்ளூர்ச் சாமான் எண்டொரு பாசமும் இருக்கு.

தொகை எண்டு கேட்டால், படம் பாக்காமல் சொல்லேலாது. லமினேற், அதான் ஒட்டின அடுக்குகள், பிரியாமல், பைண்டிங்கும், அதான் சப்பாத்தைப் பூட்டுற தட்டும் கம்பியும், அந்தக் காலத்துதாவே இருந்தால் 40 குறைவு. ஆயிரம் வரும் எண்ட கனவும் வேண்டாம்.


மியூனிக்_மாப்ள:

போர்டு பத்தி மேல அருமையா சொல்லிட்டாங்க, நான் பூட்ஸ் பத்தி மட்டும் சொல்லிக்கிறேன். அண்ணா, அந்த பூட்ஸை ஓட்டுறதுக்குன்னு சொல்லி யாருக்கும் வித்துடாதீங்க. பழைய ஹார்ட் பூட்ஸ் பாலியூரித்தேன் பிளாஸ்டிக்ல செஞ்சது, வருஷம் ஆக ஆக காத்துல இருக்கிற ஈரத்துலயே அந்த பிளாஸ்டிக் உள்ளுக்குள்ள சிதைஞ்சுடும். போடாம சும்மா வெச்சிருந்தாலும் சிதையும், பேஸ்மென்ட்ல ஈரத்துல இருந்தா கேக்கவே வேணாம். வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும். காலை உள்ள விட்டு பக்கிளை இறுக்கி முழங்காலை மடக்குனதும் தான் தெரியும். எங்க குரூப்ல ஒருத்தர் சீப்பா கெடைச்சுதுன்னு பழைய ஜோடி ஒண்ணை வாங்கிட்டு வந்தார், லிஃப்ட்ல இருந்து இறங்கி ரெண்டாவது திருப்பத்துல கணுக்கால் பக்கம் ஷெல் சில்லு சில்லா உடைஞ்சு போச்சு, வெள்ளைப் பனியில ஊதா கலர் துண்டுங்க கிடந்ததை இன்னைக்கும் சொல்லி சிரிப்போம், ஆனா அந்த நேரத்துல வேகமா போயிருந்தா ஆஸ்பத்திரி தான்.

அதனால பூட்ஸை போர்டு கூட வெச்சு கொடுங்க, ஆனா ஷோகேஸுக்கு மட்டும், ஓட்ட கூடாதுன்னு விளம்பரத்துலயே எழுதிடுங்க. பேரு ஒட்டியிருந்தா அதையும் எழுதுங்க. ராய்க்லேவா இருந்தா சேக்கிறவங்களுக்கு பிடிக்கும், அது உங்க ஊரு க்ராய்ட்ஸ்லிங்கன் கம்பெனியா இருந்துச்சு.

அப்புறம் பைண்டிங் பிளேட்டை தனியா கழட்டி வித்தா மொத்தமா கொஞ்சம் ஜாஸ்தி வரும்ங்கிறது என் கருத்து. ஸ்டீல் கம்பி, அலுமினிய பிளேட்டா இருந்தா தேடுறவங்க இருக்காங்க.


கூர்_பெடியன்:

மியூனிக் அண்ணா, சப்பாத்து விசயம் நூறு வீதம் சரி. பைண்டிங் விசயத்தில நான் ஒத்துக்கொள்ள மாட்டன். ஓடுறவன் ஆருக்கும் 30 வருசத்துப் பைண்டிங் தேவையில்லை, அதின்ர பிளாஸ்டிக் கிளிப்புக்கும் நீங்கள் சொன்ன அதே வருத்தம்தான். சேக்கிறவனுக்குத்தான் வேணும், அவனுக்கு போர்டோட சேந்து வேணும். கழட்டினால் போர்ட் மொட்டையா நிக்கும், ஓட்டை தெரியும். செட்டாக் குடுக்கிறதுதான் வடிவு.


மியூனிக்_மாப்ள:

சரி தம்பி, இந்த ஊர் மார்க்கெட் வேற உங்க ஊர் மார்க்கெட் வேறயா இருக்கலாம், விட்டுக் கொடுக்கிறேன். கம்பி வளைஞ்சிருக்கான்னு மட்டும் பாக்க சொல்லுங்க.


சும்மாவந்தவன்:

ரெண்டு கட்டையை அடிச்சு பெஞ்ச் ஆக்கி பல்கனியில போட்டிட்டு தேத்தண்ணி குடியுங்கோ, இதுக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சி


கூர்_பெடியன்:

விக்கேலாத வாடகை போர்ட் ஆயிரம் கிடக்கு, அதில அடியுங்கோ பெஞ்சை. அசிமில ஆணி அடிச்சீங்களெண்டால் நான் வந்து புடுங்குவன்.


பழசுக்கடை_அக்கா:

தம்பி, நான் பேர்னில இருக்கிறன், பழைய சாமான் வாங்கி விக்கிறதுதான் எனக்குப் பொழுதுபோக்கு, போர்ட் ஓடத் தெரியாது ஆனா விக்கத் தெரியும். 400 பிராங்க் ஆள் கள்ளன். இதில ரெண்டாம் கதை இல்லை. பாக்காமல் பேரம் பேசாமல் கூடக் குடுக்கிறன் எண்டு ஆர் சொன்னாலும் கள்ளன்தான். அவன் அனுப்பிற லிங்க் தபால்கந்தோர்ப் பக்கம் மாதிரியே இருக்கும், அல்லது டுவிண்ட் எண்ட போனில காசு அனுப்பிற ஆப் மாதிரி இருக்கும், காசு வந்து நிக்குது வாங்கிறதுக்கு உங்கட கார்ட் நம்பரை அடியுங்கோ எண்டு கேக்கும், அடிச்சால் காசு போற பக்கம் வேற. காசு வாங்கிறதுக்கு ஒருத்தரும் கார்ட் நம்பர் குடுக்கத் தேவையில்லை, போன் நம்பரே காணும். அந்த ஆளை ரிப்போர்ட் பண்ணிப்போட்டு பிளொக் பண்ணுங்கோ.

40 பிராங்க் ஆள் கள்ளன் இல்லை, கெட்டிக்காரன். இண்டைக்கே வாறன் எண்டு ஓடி வாறவனுக்கு உங்கட சாமானின்ர பெறுமதி உங்களை விட வடிவாத் தெரியும்.

இனி எங்க விக்கிறது. ஒக்டோபர் நவம்பரில ஊருக்கூர் ஸ்கீ பேர்ஸ எண்டு பாவிச்ச ஸ்கீச் சாமான் சந்தை வைப்பினம், அங்க கொண்டு போகாதேங்கோ, எங்கட பக்கம் இவ்வளவு பழசை மேசையில வைக்கவே விட மாட்டினம், அங்க வாற சனம் பிள்ளைக்கு இந்த வருசம் போடுறதுக்குச் சாமான் தேடி வாற சனம். புரொக்கன்ஹவுஸ் எண்ட பழைய சாமான் கடையில குடுத்தால் நன்றி சொல்லி வாங்குவினம், அவ்வளவுதான். ரிக்கார்டோ எண்ட இணையத்தளத்தில ஏலத்துக்குப் போடுங்கோ. டுட்டி மாதிரி விளம்பரத் தளத்தில கட்டின விலைக்குப் போட்டால் கிட்ட இருக்கிறவைதான் பாப்பினம், ஏலமெண்டால் நாடு முழுக்கத் தேடுறவைக்குக் கண்ணில படும், ரெண்டு பேருக்கு ஒரே நேரத்தில ஆசை வந்தால் காணும், விலை தன்பாட்டில ஏறும். ஒரு பிராங்கில தொடங்கிறதெல்லாம் நெஞ்சுரம் உள்ளவைக்கு, நீங்கள் எவ்வளவுக்குக் கீழ போனால் மனம் நோகுமோ அதில தொடங்குங்கோ. முடியிற நேரம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரமா இருக்கட்டும், சனம் வீட்டில நிக்கும். பனி விழத் தொடங்கிற காலம் போடுங்கோ, ஏப்ரல் மேயில போட்டு ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு அழக்கூடாது.

அனுப்பிற செலவைப் பாத்து எழுதுங்கோ. 163 நீளம் எண்டால் சாதாரணப் பார்சலுக்குள்ள அடங்காது, ஸ்பெர்குட், அதான் பெரிய சாமானுக்கான தபாலில போகும், கூடக் காசு. மூக்குக்கும் வாலுக்கும் பழைய கம்பளித்துணி சுத்தி, மேல காட்போட் மடிச்சு ஒட்டுங்கோ, அடிபடுறது அந்த ரெண்டு நுனியும்தான். ஜேர்மனியில இருந்து கேட்டால் சுங்கப் பத்திரம் நிரப்போணும், அங்கத்த வரியை வாங்கிறவர் கட்டோணும், இதை முதலே எழுதி விடுங்கோ இல்லாட்டி பெட்டி எல்லையில கிடக்கும் நீங்கள் இங்க கிடந்து மறுமொழி எழுதிக்கொண்டிருப்பியள். வந்து எடுக்கிற ஆளெண்டால் இன்னும் நல்லம்.


கெலர்சாமான்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்லை. லிங்க் ஆளை பிளொக் பண்ணிட்டன். வால் பக்கம் நிண்டு பாத்தன், இடப்பக்க வளைவுதான் பின்னுக்கு, அப்ப ரெகுலர் எண்டு எடுக்கலாம்தானே. சப்பாத்தில ராய்க்லே எண்டுதான் இருக்கு. ஸ்டிக்கர் குவியலுக்குள்ள ஐஎஸ்எஃப் எண்டு ஒண்டும், ஏதோ கிளப் பேரோட இன்னொண்டும் இருக்கு. ஓனரிட்டப் போன் பண்ணிக் கேட்டன், தான் கிளப்பில ரேஸ் ஓடினதெண்டும் படம் எங்கயோ அல்பத்தில கிடக்கெண்டும் சொன்னார், கதைக்கத் தொடங்கினவர் முக்கால் மணித்தியாலம் விடேல்லை.

இன்னும் ரெண்டு கேள்வி. அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாப் பூத்துக் கிடக்கு, அது பழுதோ? மற்றது பைண்டிங் ஸ்குரூ ஒண்டு அசையுதில்லை, படம் எடுக்கக் கழட்டப் பாத்தன்.


கூர்_பெடியன்:

அண்ணை ஸ்குரூவை விடுங்கோ, ஏன் கழட்டுறியள். அது சாதாரண பிளஸ் டிரைவருக்குரியதில்லை, போசிடிரைவ் 3ஆம் நம்பர், பாக்க ஒரே மாதிரித் தெரியும், மற்ற டிரைவரை வச்சு முறுக்கினால் தலை உருண்டு போகும், பிறகு ஒருத்தராலயும் எடுக்கேலாது. கட்டாயம் கழட்டத்தான் வேணுமெண்டால் கறள் இளக்கிற எண்ணெய் ரெண்டு துளி விட்டு ஒரு ராத்திரி விடுங்கோ. அந்தக் காலத்து சில போர்டில ஸ்குரூ பூட்டுறதுக்கு உள்ளுக்கு இரும்பு இன்சேர்ட்டும் இல்லை, மரத்துக்குள்ள நேர ஸ்குரூ இறக்கியிருப்பினம், அப்பிடியெண்டால் கழட்டிக் கழட்டிப் பூட்டப் பிடிமானம் போயிடும்.

வெள்ளை பூத்தது பழுதில்லை, மெழுகு காணாமல் காய்ஞ்சது. மெழுகு தேய்க்கத் தெரிஞ்ச ஆள் பக்கத்தில இருந்தால் ஒருக்காப் போடச் சொல்லுங்கோ, ஆனா கடையில குடுத்து மெஷினில அடிப்பக்கத்தை அராவக் குடுக்காதேங்கோ. பழைய விளிம்பு மெல்லிசு, ஒருக்கா அராவினால் திரும்பி வராது. கறளுக்கு கறள் அழிக்கிற ரப்பர் ஸ்போர்ட்ஸ் கடையில இருக்கு, மேலால மெதுவா நாலு இழுப்பு, மினுங்கோணும் எண்டு நிக்காதேங்கோ. மேல் தகட்டை ஈரத்துணியால துடைச்சால் சரி.

அந்த ஐஎஸ்எஃப் ஸ்டிக்கர் நல்ல சாமான். ஸ்னோபோர்டுக்கெண்டு தனியா இருந்த சம்மேளனம் அது, 2002ஓட மூடிட்டினம். ஒலிம்பிக்குக்குள்ள ஸ்னோபோர்ட் வரேக்க பொறுப்பை ஸ்கீக்காரற்ற சம்மேளனம் எஃப்ஐஎஸ்ஸிட்டக் குடுத்ததில பெரிய பிரச்சினை, நோர்வேயின்ர பேர்போன ஸ்னோபோர்ட்காரர் டெர்யே ஹாகன்சன் அந்தக் கோவத்தில 1998 நாகானோ ஒலிம்பிக்குக்கே போகேல்லை. அந்த நாகானோவில முதல் ஸ்னோபோர்ட் தங்கம் கனடாவின்ர ரொஸ் ரெபக்லியாட்டிக்கு, கஞ்சா கண்டுபிடிச்சிட்டம் எண்டு பறிச்சு, பேந்து அது தடை செய்த பட்டியலிலயே இல்லை எண்டு திருப்பிக் குடுத்தவை, வெண்கலம் எங்கட உவெலி கெஸ்டென்ஹோல்ஸுக்கு. பழைய போர்ட் சேக்கிறவனுக்கு இந்தக் கதையள் எல்லாம் தலைகீழாத் தெரியும், அதனால ஐஎஸ்எஃப் ஸ்டிக்கரைக் கிட்டத்தில தனிப்படம் எடுத்துப் போடுங்கோ.

அதை விடப் பெரிசு ஓனற்ற அல்பம். அவர் இந்தப் போர்டோட நிக்கிற ஒரு படம், எந்த வருசம் எங்க வாங்கினது எண்டு அவற்ற கையால நாலு வரி, இந்த ரெண்டும் கிடைச்சால் போர்டோட சேத்துக் குடுங்கோ. படத்தின்ர கொப்பி காணும், ஒறிஜினலை அவரே வச்சிருக்கட்டும். பேர் போடச் சம்மதமோ எண்டு கேட்டிட்டுப் போடுங்கோ.

படம் எடுக்கேக்க ஒண்டு மறக்காதேங்கோ: சமதரையில போர்டை வச்சு, கமராவையும் தரையோட வச்சு பக்கத்தால ஒண்டு எடுங்கோ. நடுவில வெளிச்சம் தெரியிற அளவுக்கு மேல தூக்கி நிண்டால் கேம்பர், அதான் அந்த நடு வளைவு, சாகேல்லை, அதுதான் முதல் கேக்கிற கேள்வி. பிறகு விளிம்பும் மேல் தகடும் சேருற இடத்தை முழு நீளத்துக்கும் நகத்தால தடவிப் பாருங்கோ, எங்கயாவது வாய் பிளந்திருந்தால் அதை ஒளிக்காமல் படம் எடுங்கோ.


கெலர்சாமான்:

பாத்தன் தம்பி, நடுவில ஒரு விரல் உள்ள போகுது. வால் பக்கம் வலது மூலையில ஒரு ரெண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வாய் பிளந்திருக்கு. ஒட்டுறதோ?

விளம்பரம் இப்பிடி எழுதியிருக்கிறன், டொச்சில (ஜேர்மன் மொழி) மகள் மாத்தித் தருவாள்:

"நிடெக்கர் அசிமெட்ரிக் ரேஸ் ஸ்னோபோர்ட், ரெகுலர், 163 சென்டிமீட்டர், 1990களின் தொடக்கம். தட்டுப் பைண்டிங்கோட. ராய்க்லே ஹார்ட் பூட்ஸ் காட்சிக்கு மட்டும், ஓடப் பாவிக்க வேண்டாம். முதல் உரிமையாளரிடம் இருந்து, அந்தக் காலத்து ஸ்டிக்கர் அப்படியே. கேம்பர் நல்லம். விளிம்பில லேசான கறள், வாலில 2 சென்டிமீட்டர் பிரிவு, படம் பாக்கவும். நல்ல நிலையில் உள்ளது, உடனே ஓடலாம். லூசேர்னில் வந்து எடுக்கலாம், அனுப்பிறதெண்டால் ஸ்பெர்குட் செலவு வாங்கிறவருக்கு."

தொடக்க விலை 120 எண்டு போடவோ?


பழசுக்கடை_அக்கா:

120 சரி. "நல்ல நிலையில் உள்ளது, உடனே ஓடலாம்" எண்டதை எடுங்கோ, வாய் பிளந்த போர்டை உடனே ஓடலாம் எண்டு எழுதி ஒருத்தன் விழுந்தானெண்டால் கதை வேற.


கூர்_பெடியன்:

ஒட்டாதேங்கோ, வாங்கிறவன் எப்பொக்சி போட்டுத் தன்ர விருப்பத்துக்கு இறுக்கிக்கொள்ளுவான், நீங்கள் சூப்பர் குளூ விட்டால் அதைச் சுரண்டி எடுக்கிறதே பெரிய வேலை. "1990களின் தொடக்கம்" எண்டதையும் ஓனரிட்ட வருசம் கேட்டிட்டுப் போடுங்கோ. ஏல லிங்கை இஞ்ச போட்டு விடுங்கோ, கூர் நகரத்தில எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் ரெகுலர் அசிம் தேடித் திரியினம்.